பந்தைத் தொடாத பாட்டிஸ்ட்

ஓஸெல் பாட்டிஸ்ட் பதினொரு வருஷம் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிப் பிழைத்தான். அந்தப் பதினொரு வருஷத்தில் ஓர் ஆட்டத்தில்கூட அவன் பந்தைத் தொட்டதில்லை. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவன் சொந்த ஊரான பெல் ரீவ்காரர்கள் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் எப்போதோ சிரித்து முடித்துவிட்டார்கள்.

அவன் பார்த்த வேலை அப்படி. எதிரணியின் நடு ஆள் பந்தைத் தரையில் வைத்துக் குனிந்திருப்பான். அவனுக்கு நேர் எதிரே, மூக்கோடு மூக்கு உரசாத குறையாக, ஓஸெல் கையூன்றி நிற்க வேண்டும். பந்து அசைந்த மறுகணம் நடு ஆளும் அவன் பக்கத்து ஆளும், தலைக்கு நூற்று நாற்பது கிலோ, சேர்ந்து இவன் மேல் பாய்வார்கள். இவன் பின்வாங்கக் கூடாது. இவ்வளவுதான் வேலை. இவன் இரண்டு பேரையும் பிடித்து வைத்திருக்கிற நேரத்தில், பின்னால் நிற்கிற லைன்பேக்கர் ஆளில்லாத வழியில் ஓடி வந்து, பந்து வைத்திருப்பவனைச் சாய்ப்பான். ஒலிபெருக்கியில் அவன் பேரைச் சொல்வார்கள். அவன் நெஞ்சில் குத்திக்கொண்டு ஓர் ஆட்டம் போடுவான். ஓஸெல் அடியில் கிடந்து, யாருடைய முழங்கை தன் வயிற்றில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பான்.

சின்ன வயதில் அவனுக்கும் பந்தோடு ஓடுகிற ஆசை இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் முதல் நாள் பயிற்சியில், ஓட்டக்காரர்களின் வரிசையில் போய் நின்றான். கோச் ஃபாண்டனோ அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"டேய் பாட்டிஸ்ட், உன்ன யாருடா ஓடச் சொன்னது? நீ ஓடினா மைதானம் பள்ளமாயிடும். நடுவுல போய் நில்லு. சர்க்கரை ஆலை ரயிலே வந்தாலும் நகராத."

போய் நின்றான். பதினாலு வயதில் நின்றவன், முப்பத்து நாலு வயதுவரை நின்றுகொண்டிருந்தான். பள்ளியில் நின்றதைப் பார்த்துக் கல்லூரி கூப்பிட்டது. கல்லூரியில் நின்றதைப் பார்த்து, பனி கொட்டும் வடக்கு நகரத்து அணி ஒன்று, புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கும்போது, ஆறாவது சுற்றில் போனால் போகிறதென்று எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் அவர்கள் முதல் சுற்றில் எடுத்த பேர்போன ஆள் மூன்றே வருஷத்தில் காணாமல் போனான். ஓஸெல் இருந்தான். அணிக்கு நான்கு தலைமைக் கோச்சுகள் வந்து போனார்கள். அப்போதும் ஓஸெல் இருந்தான்.

அவன் மனைவி லவெர்ன் வடக்கே குடிபோக மறுத்துவிட்டாள். பெல் ரீவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். "பனியில பஸ் ஓட்ட எனக்குத் தெரியாது, கத்துக்கவும் இஷ்டமில்ல" என்றாள். அதனால் வருஷத்தில் பாதி அவன் அங்கே, அவளும் மகள் சிமோனும் இங்கே. அணி தெற்கே ஆட வரும்போது மட்டும் அவள் நேரில் போவாள். அரங்கத்தில் எழுபதாயிரம் பேர் பந்தைப் பார்ப்பார்கள். லவெர்ன் ஓஸெலின் சட்டையிலிருக்கும் தொண்ணூற்று ஏழாம் எண்ணை மட்டும் பார்ப்பாள். ஆட்டம் முடிந்து யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், பக்கத்து இருக்கையைக் காட்டி "அவரக் கேளுங்க" என்பாள். ஒவ்வொரு மோதலுக்கும் பிறகு ஓஸெல் எழுந்து, தலைக்கவசத்தை இரண்டு முறை தட்டுவான். 'உசிரோட இருக்கேன்' என்று அவளுக்குச் சேதி. அவள் வராத ஆட்டங்களிலும் தட்டுவான். தொலைக்காட்சிக்காரன் பந்தோடு போய்விடுவான், இவன் எழுந்தானா இல்லையா என்று காட்ட மாட்டான், அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் தட்டுவான்.

ஐந்தாவது வருஷம் வலது முழங்காலைத் திறந்து மூடினார்கள். அந்தக் கோடையில் ஒரு திங்கட்கிழமை, சமையலறையில் காலை நாற்காலி மேல் நீட்டிக்கொண்டு சிவப்பு பீன்ஸும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லவெர்ன் கேட்டாள்:

"எப்பதான் வீட்டுக்கு வரப்போற?"

"வந்துதான இருக்கேன்."

"விளையாடாத ஓஸெல். ஒரேயடியா எப்ப வருவ?"

பதில் தெரியாதபோது வேடிக்கை பேசுவது அவன் பழக்கம். "ஒரு ஆட்டத்துல, ஒரே ஒரு தடவ, அந்தப் பந்த என் கையால பிடிச்சிடறேன். அன்னிக்கே பெட்டியக் கட்டிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். இவனும் குலுக்கினான். விளையாட்டாகச் சொன்னதை அவள் கல்வெட்டாக எடுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் போதகரிடம் சொல்லிவிட்டாள். அவர் சும்மா இருக்கிற ஆளா? "ஆண்டவரே, எங்கள் சகோதரன் ஓஸெலின் கைகளில் ஒரு பந்தைத் தாரும்" என்று சத்தமாக ஜெபித்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. அன்று முதல் ஊருக்கே அது பேச்சாகிவிட்டது. கரும்பு லாரி ஓட்டும் கிழவர் கர்லி, ஓஸெலைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் ஆரஞ்சுப் பழம் ஒன்றைத் தூக்கிப் போட்டு, "இதையாவது பிடிடா பெரியவனே!" என்பார்.

அது நகைப்பாக இருந்த காலம் போய்க்கொண்டிருந்தது. பத்தாவது வருஷம் ஓஸெல் படிக்கட்டில் முதுகுப்பக்கமாக இறங்க ஆரம்பித்தான். தரையில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும், அதனால் சிமோன் தரையில் பொம்மை வீடு கட்டும்போது இவன் நாற்காலியிலிருந்தே யோசனை சொல்வான். இன்னும் இரண்டு வருஷம் ஆடினால் நாற்பதுக்குள் கைத்தடி நிச்சயம் என்று மருத்துவர் லவெர்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். அணி விடுவதாக இல்லை. இவனும் விடுவதாக இல்லை. லவெர்னிடம் இருந்த ஒரே பிடி அந்தப் பந்துதான்.

பதினோராவது வருஷம் நவம்பரில் அணி தெற்கே வந்தது. பெல் ரீவிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம். தேவாலயத்துப் பேருந்தில் இருபத்தாறு பேரை ஏற்றிக்கொண்டு லவெர்னே ஓட்டி வந்தாள். கூடை கூடையாகப் பொரித்த கோழி, நடுவில் கர்லி.

மூன்றாம் கால் பகுதியில் அது நடந்தது. ஓஸெல் வழக்கம்போல இரண்டு பேரை நெஞ்சில் தாங்கி, மெதுவாகச் சரிந்துகொண்டிருந்தான். பந்தை எறியக் கை ஓங்கிய எதிரணி குவார்ட்டர்பேக்கின் கையை யாரோ பின்னாலிருந்து அடித்தார்கள். பந்து நழுவித் தரையில் விழுந்து, கோணல்மாணலாக இரண்டு துள்ளு துள்ளி, ஓஸெலின் வலது கைக்கு அரை முழத்தில் வந்து நின்றது. கீழே விழுந்த பந்து முதலில் அமுக்குகிறவனுக்குச் சொந்தம். அதைச் சுற்றி அப்போது வேறு ஒரு கையும் இல்லை.

இருபது வருஷப் பயிற்சி அவன் கையை நீட்டியது. விரல் நுனி பந்தின் தோலுக்கு ஓர் அங்குலத்தில் இருந்தபோது, பயிற்சியில் யாரும் சொல்லித் தராத ஒன்று குறுக்கே வந்தது. பிடித்தால் இதோடு முடிந்தது. நாளைக்குப் பெட்டி கட்ட வேண்டும். பெல் ரீவுக்குப் போய், காலை எழுந்ததும் என்ன செய்வது?

கை திரும்பி வந்துவிட்டது.

வந்த கையோடு, எழ முயன்ற இரண்டு பேரையும் தோளால் முட்டி மறுபடியும் படுக்க வைத்தான். அந்த இடைவெளியில் லைன்பேக்கர் டேரியன் ஹோப், இருபத்து மூன்று வயது இளைஞன், குனிந்து பந்தை அள்ளிக்கொண்டு ஐம்பத்தெட்டு கஜம் ஓடி, கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டான். பேருந்தில் வந்த இருபத்தாறு பேரும், எதிரணி ஊரில் இருக்கிறோம் என்பதையும் மறந்து குதித்தார்கள். ஓஸெல் எழுந்து தலைக்கவசத்தை இரண்டு முறை தட்டினான். கூட்டத்தில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். டேரியன் ஓடிய பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஆட்டம் முடிந்து குடும்பத்தார் காத்திருக்கும் கதவுக்கு வெளியே அவளைப் பார்த்தான். அவள் கட்டிக்கொள்ளவில்லை.

"கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"கை?"

"கைக்கு என்ன?"

"அதத்தான் நானும் கேக்கறேன். கைக்கு என்ன ஆச்சு? பந்து அது பக்கத்துலயே வந்து படுத்துக் கெடந்துச்சே."

"ரெண்டு பேரு மேல இருந்தாங்க லவெர்ன். எல்லாம் ஒரு நொடி. அதெல்லாம் உனக்குப் புரியாது."

சொல்லியிருக்கவே கூடாது. லவெர்னின் குரல் தாழ்ந்தது. அவள் குரல் உயர்ந்தால் பயமில்லை, தாழ்ந்தால்தான் ஆபத்து.

"எனக்குப் புரியாதா? பதினோரு வருஷமா உன்ன மட்டுமே பாத்துக்கிட்டு இருக்கேன். உனக்குப் பின்னால அரங்கமே எரிஞ்சாலும் எனக்குத் தெரியாது. உன் கை நீண்டுச்சு. அப்புறம் நீயா அத இழுத்துக்கிட்ட. யாரும் தட்டிவிடல. நீயா."

அதற்குள் கர்லி வந்துவிட்டார். "லவெர்ன், வண்டிய எடும்மா. நம்ம சபை டீக்கன் அம்மாவுக்குக் கால் வீங்கிடுச்சு." ஓஸெலின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "என்னடா பெரியவனே, கண்ணு முன்னாடி கெடந்ததக் கோட்ட விட்டுட்டியே! அடுத்த ஜென்மத்துல பாத்துக்கலாம்."

லவெர்ன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பிற்பகல் வடக்கே, அணியின் வீடியோ அறை. முந்தைய நாள் ஆட்டத்தை ஒவ்வொரு மோதலாக ஓட்டி, ஒவ்வொருவனுக்கும் பிளஸ் அல்லது மைனஸ் போடுவார்கள். தடுப்பு வரிசைக் கோச் மல்வேனி, பேசினால் கல் உடைப்பது போல இருக்கும், அந்த மோதலில் படத்தை நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி ஓட்டினார். நாலு தடவை ஓஸெலின் கை திரையில் நீண்டு, நாலு தடவை திரும்பி வந்தது.

"தொண்ணூத்தேழு. இது என்னய்யா?"

மல்வேனி அறைப் பக்கம் திரும்பினார்.

"நான் இந்த அறையில வருஷா வருஷம் மொத நாள் என்ன சொல்றேன்? பெரிய ஆளுங்க பந்த அள்ளிக்கிட்டு ஓட வேணாம். குனிஞ்சு அழகு பாக்க வேணாம். கீழ பந்து கெடந்தா மேல விழு. அவ்ளோதான். கைல சூடு போட்ட மாதிரி இழுத்துக்கிறியே, என்ன, பந்து கடிச்சிடுச்சா?"

அறை வெடித்துச் சிரித்தது. மல்வேனி சிரிக்கவில்லை. டச்டவுன் கிடைத்த மோதலுக்கு ஓஸெலுக்கு மைனஸ் போட்டார். அவன் பதினொரு வருஷத்தில் எத்தனையோ மைனஸ் வாங்கியவன்தான். இது மட்டும் உள்ளே போய்க் குத்தியது.

வெளியே வந்தபோது டேரியன் காத்திருந்தான். கையில் அந்தப் பந்து. டச்டவுன் போட்ட பந்தை ஆட்டக்காரன் தனக்கென்று வைத்துக்கொள்வது வழக்கம்.

"அண்ணே, கோச் என்ன வேணா சொல்லட்டும். நான் வீடியோவ நல்லாப் பாத்தேன். நீங்க எனக்காக விட்டீங்க. கைக்கு வந்தத எனக்கு விட்டுக்குடுத்துட்டு, அந்த ரெண்டு பேரையும் அமுக்கிட்டீங்க. எனக்கு இது மொத டச்டவுன். ஆனா இது உங்களுது. வச்சுக்கங்க."

ஓஸெலுக்குக் காது சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இந்தப் பிள்ளை கும்பிடாத குறையாக நிற்கிறான்.

"வேணாம்டா தம்பி. உங்கம்மாவுக்கு அனுப்பு."

"அண்ணே, மனசார..."

"நான் உனக்காக விடலடா. எனக்காக விட்டேன். நீ எடுத்துட்டுப் போ."

டேரியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் பெரிதாக மதித்துவிட்டுப் போனான். ஓஸெல் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல் லவெர்னைக் கூப்பிட்டான். சாயங்காலம் ஐந்து மணி. பேருந்தை நிறுத்திவிட்டு வந்திருப்பாள். அடுப்பில் பீன்ஸ் இருக்கும்.

"நீ சொன்னது சரி" என்றான்.

"தெரியும்."

"நானாதான் இழுத்துக்கிட்டேன்."

"ஏன்?"

"பயம்."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இவனே தொடர்ந்தான். "அங்க எல்லாருக்கும் ஒரு வேல தெரியும் லவெர்ன். நீ பஸ் ஓட்டற. கர்லி லாரி ஓட்டறாரு. எங்கப்பா ஆலையில கொதிகலன் பாத்தாரு. எனக்கு நகராம நிக்க மட்டும்தான் தெரியும். வீட்ல அத வச்சு என்ன பண்றது? முப்பத்தி நாலு வயசுல, பகல் பூரா, உன் சமையலறையில ஒரு அலமாரி மாதிரி நிக்கவா?"

"இத எங்கிட்ட சொல்ல உனக்குப் பதினோரு வருஷமா?"

"எனக்கே நேத்துதான் தெரியும்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "உனக்கு ஒரு நாள் பயம். எனக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பயம். நீ தலையத் தட்டற வரைக்கும் நான் மூச்சு விடறதில்ல. டிவியில அதையும் காட்ட மாட்டான் பாவி." பீன்ஸ் பாத்திரத்தை மூடுகிற சத்தம் கேட்டது. "சரி, கேட்டுக்க. அந்தப் பந்துப் பேச்ச நான் ரத்து பண்ணிட்டேன். இனிமே நீ பத்துப் பந்து பிடிச்சாலும் வான்னு சொல்ல மாட்டேன். பிடிக்கலன்னாலும் கேக்க மாட்டேன். கால் ஒடிஞ்சு வந்தாலும் வச்சுப் பாப்பேன். வரணும்னா நீயா வா."

"கோவமா?"

"கோவம்தான். சாப்பிட்டியா?"

"இல்ல."

"போய்ச் சாப்பிடு."

வைத்துவிட்டாள். ஓஸெல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் வந்து முட்டினால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியும். முட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று விலகிக்கொண்டால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதற்குப் பிறகு ஏழு ஆட்டங்கள். பந்து அவன் பக்கம் வரவே இல்லை. லவெர்ன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். தினமும் பேசினாள், சிமோனின் பல் விழுந்ததைச் சொன்னாள், ஆலையில் அரவை எப்போது முடியும் என்று சொன்னாள். வருவாயா என்று மட்டும் கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் மறுப்பதற்குச் சுலபமாக இருந்தது. இப்போது மறுக்க ஆளில்லாமல், தன்னோடு தானே மல்லுக்கட்டினான்.

கடைசி ஆட்டம் வடக்கு நகரத்தில், ஜனவரி முதல் வாரம். பனி தூறிக்கொண்டிருந்தது. அணி ஏற்கெனவே தோற்று ஓய்ந்திருந்ததால் அரங்கம் பாதி காலி. நான்காம் கால் பகுதியில் ஒரு மோதல் முடிந்து, ஓஸெல் கையூன்றி, முழங்கால் முனக எழுந்து, தலையைத் தட்டினான். எதிரே காலி இருக்கைகளில் பனி படிந்திருந்தது. கேமரா மறுபக்கம் போய்விட்டது. ஆயிரத்து ஐந்நூறு மைல் தள்ளி ஒருத்தி தொலைக்காட்சி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவன் எழுந்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரியாது. அடுத்த மோதலுக்கு இவன் குனிகிற காட்சி வந்தால்தான் தெரியும். வராவிட்டால் இரவு அழைப்பு வரும்வரை தெரியாது. பதினொரு வருஷம், ஞாயிறுக்கு ஐம்பது தடவை, இப்படி. அவனுக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. வேர்வை என்று சொல்ல முடியாத அளவுக்குக் குளிர். யாரும் கேட்கவில்லை.

மறுநாள், பருவம் முடிந்துவிட்டதால், எல்லாரும் வழக்கம்போலக் கறுப்புக் குப்பைப் பையில் தங்கள் அலமாரிச் சாமான்களை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மல்வேனி வந்து பக்கத்தில் நின்றார்.

"அடுத்த வருஷமும் நீதான்னு மேல சொல்லிட்டேன். ஒரு வருஷம் தருவாங்க."

"வேணாம் கோச்."

"காலா?"

"காலும்தான். ஆனா அதுக்காக இல்ல. என் பொண்டாட்டி அங்க தனியா இருக்கா."

"அந்த மைனஸ நான் மாத்த மாட்டேன்" என்றார் மல்வேனி. பிறகு கல் உடைக்கிற அந்த மனிதர், ஓஸெலின் பையை வாங்கித் தானே வண்டிவரை தூக்கிக்கொண்டு வந்தார்.

லவெர்னிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் ஓட்டினான். மூன்று மணிக்குப் பள்ளி விட்டுவிடும் என்பதால், வீட்டுக்குப் போகாமல் நேரே பெல் ரீவ் பள்ளிக்கூடத்துக்கே போனான். மஞ்சள் பேருந்தில் பிள்ளைகள் ஏறி முடித்திருந்தார்கள். லவெர்ன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஓஸெல் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் ஏறினான். பேருந்து ஒரு பக்கம் சாய்ந்தது. நாற்பது பிள்ளைகள் கப்சிப்பென்று ஆனார்கள். நாலாவது வரிசையில் சிமோன் மட்டும் "அப்பா!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

லவெர்ன் இறங்கி வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டாள்.

"பந்தப் பிடிச்சிட்டியா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட."

"அப்புறம் ஏன் வந்த?"

"நீ வீட்ல இருக்க. அதான் வந்தேன்."

"எத்தன நாளைக்கு?"

"பெட்டிய எல்லாம் கொண்டாந்துட்டேன் லவெர்ன்."

அவள் முன்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண், "மிஸ் லவெர்ன், போகலையா?" என்று கேட்டது.

"போலாம் கண்ணு" என்றாள் லவெர்ன். "ரோடு தெரியல. தெரிஞ்சதும் போலாம்."

அன்று பெல் ரீவ் பள்ளிப் பேருந்து பதினைந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. முன் இருக்கையில் இருந்த மூன்று பிள்ளைகளை எழுப்பிவிட்டு ஓஸெல் உட்கார்ந்திருந்தான்.